பாத்ரூமுக்கு மூன்று கதவு

புனே கேம்பில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, அதிலும் குறிப்பாக இந்தத் தீபாவளிக்குள் பாத்ரூமை இடித்துக் கட்டிவிடலாம் என்று டைல்ஸ் கடை ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு,

சென்டர் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் முப்பது வருஷமாக இருக்கிறேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மாமனாரின் அப்பா காலத்திலேயே பட்டாளத்தோடு ஒட்டிப் பிழைக்க வந்த குடும்பம். உங்களில் பாதிப் பேர் கதையும் இதேதான். மாமியார், நாங்கள் இருவர், கொழுந்தன், அவர் மனைவி, ஆளுக்கொரு பிள்ளை என்று ஏழு பேர். பாத்ரூம் ஒன்று. ஐந்தடிக்கு ஏழேகாலடி. அதற்குள்ளேயே கக்கூஸ், குளியல், வாஷ்பேசின் எல்லாம். கதவு ஒன்று.

அந்தக் கதவின் முன்னால் எத்தனை சண்டை போட்டோம் என்று எழுதினால் இந்த மடல் முடியாது. கொழுந்தனுக்கு ஹிஞ்சவாடி போகும் கம்பெனி பஸ் ஏழேகாலுக்கு. அவர் பையனுக்குப் பள்ளி வேன் ஆறு ஐம்பதுக்கு. மாமியாருக்குக் காலையில் நேரமெல்லாம் கிடையாது, வந்தால் வந்ததுதான். என் மகள் உள்ளே போனால் கதவைத் தட்டித் தட்டி முட்டி வலிக்கும்.

ஒரு தடவை பொறுக்க முடியாமல், தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதிவைத்தேன்: யார், எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை நிமிஷம். ஆளுக்குச் சராசரி கால் மணி நேரம். ஏழு பேருக்கு 105 நிமிஷம். ஆனால் எல்லோருக்கும் ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்தாக வேண்டும். அது 90 நிமிஷம். பிறகு இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கால் மணியில் ஒருவர் கக்கூஸில் இருக்கும்போது குழாய் சும்மா இருக்கிறது. குளிக்கும்போது கக்கூஸ் சும்மா இருக்கிறது. பல் தேய்க்கும்போது இரண்டுமே சும்மா இருக்கின்றன. மூன்று சாமான் போட்டு வைத்திருக்கிறோம், எப்போதும் ஒன்றுதான் வேலை செய்கிறது. நமக்குக் குறைவது பாத்ரூம் இல்லை, கதவுதான்.

இதைக் கண்டுபிடிக்கும் முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் முதல் தடவை இடித்தோம். இடித்தோம் என்றால், பழைய வெள்ளைச் சதுர ஓடுகளை எடுத்துவிட்டுப் பளபளவென்று புது டைல்ஸ் ஒட்டினோம், அவ்வளவுதான். கடையில் இரண்டு மணி நேரம் நின்று ரோஜாப்பூ பார்டர் தேர்ந்தெடுத்தேன். பாத்ரூம் அதே பாத்ரூம், கதவு அதே கதவு, வரிசையும் அதே வரிசை. போதாக்குறைக்கு, தரையைத் தோண்டிய மிஸ்திரி கசிகிறதா என்று தண்ணீர் கட்டிப் பார்க்காமலேயே டைல்ஸை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது மாதம் கீழ்வீட்டுப் பார்சி ஆன்ட்டி மாடியேறி வந்தார். எண்பது வயது. திட்டவில்லை. "டீக்ரா, ஒரு நிமிஷம் கீழே வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் படுக்கையறையில் தேக்கு அலமாரிக்கு நேர் மேலே, கூரையில் ஒரு கறை. நடுவில் மஞ்சள், ஓரத்தில் பழுப்பு, சுண்ணாம்பு பொருக்குத் தட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அலமாரி மேல் ஒரு அலுமினியக் குண்டான் வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது. மேலே யாரோ எங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சொட்டின் சத்தத்துக்குப் பிறகுதான் டைல்ஸ் என்பது கடைசி வேலை என்று எனக்குப் புரிந்தது.

இரண்டாவது தடவை இடிக்க வைத்தது மாமியார். 2019 ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை உள்ளே போனவர் மயங்கி விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினோம். தாழ்ப்பாளை நெம்பியாயிற்று, ஆனால் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் கதவை ஒட்டியே விழுந்து கிடந்தார். தள்ளினால் அவர் மேல் இடிக்கிறது, தள்ளாவிட்டால் உள்ளே போக முடியவில்லை. கடைசியில் கொழுந்தன் கதவின் கீல் ஆணிகளைக் கழற்றி, கதவையே தூக்கி எடுத்தார். மணிக்கட்டு முறிவோடு போயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும். உங்கள் வீட்டில் வயதானவர் இருந்து, கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், இந்த மடலை இங்கேயே மூடிவைத்துவிட்டு முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள். வெளியே திறக்கும்படி மாற்ற ஒரு நாள் வேலைகூட இல்லை. வெளியிலிருந்து காசை வைத்துத் திருகினால் திறக்கிற தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது, அதையே போடுங்கள்.

இனி, கக்கூஸ், குளியல், வாஷ்பேசின் மூன்றுக்கும் தனித்தனிக் கதவு வைத்த விஷயம்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. நம் ஊர் வீடுகளில் குளிக்கிற இடம் கிணற்றடியில், கக்கூஸ் கொல்லைக் கோடியில், முகம் கழுவுவது முற்றத்தில். மராட்டிக்காரர்களின் பழைய வாடா வீடுகளில் சமையலறை மூலையிலேயே முழங்கால் உயரச் சுவர் கட்டி 'மோரி' என்று ஒன்று வைத்திருப்பார்கள். பாத்திரம் தேய்ப்பதும் குளிப்பதும் அதில், சண்டாஸ், அதாவது கக்கூஸ், தனியாகப் பின்னால். ஜப்பானிலும் கக்கூஸ் ஒரு கதவுக்குள், குளிக்கும் இடம் வேறு கதவுக்குள் என்றுதான் பெரும்பாலும் கட்டுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டது அடுக்குமாடி கட்டியவர்களின் சிக்கனம். ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல் மிச்சம். அதற்கு 'அட்டாச்டு' என்று பெயர் வைத்து நம்மிடம் கூடுதல் விலைக்கும் விற்றுவிட்டார்கள்.

பிரித்து வைத்ததெல்லாம் நல்ல நோக்கத்தோடு என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் கேம்பிலேயே பழைய பங்களாக்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு படுக்கையறையோடும் ஒரு குளியலறை ஒட்டியிருக்கும், அதற்கு வெளியே திறக்கிற தனிக்கதவு ஒன்று இருக்கும். தண்ணீர் சுமந்து வரும் பிஸ்தியும், மலச்சட்டியை எடுத்துப்போகும் ஆளும் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்கான கதவு அது. வெள்ளைக்காரருக்கு அது சௌகரியம், நம்மவருக்குத் தீட்டு. நம் ஊரில் வீட்டுக் கொல்லைகளுக்கு நடுவே ஓடிய தோட்டிச் சந்தும் இதே கணக்குதான். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது, 2013-இல் இன்னும் கடுமையாக வந்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017-இல் பார்த்தவர்களுக்கு, சட்டம் வந்ததோடு அது முடியவில்லை என்பதும் தெரியும். கக்கூஸ் பூஜை அறைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று என் மாமியார் முதலில் முரண்டு பிடித்தபோது இதைத்தான் சொன்னேன்: "அத்தை, நாற்றத்துக்காகப் பிரிப்போம், நேரத்துக்காகப் பிரிப்போம், வேறெதற்கும் வேண்டாம்." அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

பிரிக்க இடம் ஏது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தபட்ச அளவு சொல்கிறது. குளியலறை தனியாக என்றால் 1.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். கக்கூஸ் தனியாக என்றால் 1.1 சதுர மீட்டர், அகலம் 0.9 மீட்டர். இரண்டும் சேர்ந்த அறை என்றால் 2.8 சதுர மீட்டர். கூட்டிப் பாருங்கள்: தனித்தனியாக 2.9, சேர்த்து 2.8. வித்தியாசம் ஒரு சதுர அடியும் கொசுறும். நடுவில் வரும் சுவருக்கு இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனூண்டு இடத்தை மிச்சம் பிடிக்கவா வருஷக் கணக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்!

எங்கள் ஏழேகாலடியை மூன்றடி, நாலடி என்று வெட்டி, நடுவில் மூன்று அங்குலத்துக்கு மெல்லிய சுவர் எழுப்பினோம். மூன்றடிப் பக்கம் கக்கூஸ், நாலடிப் பக்கம் குளியல். நல்லவேளை, ஏழேகாலடிச் சுவர் முழுக்க வெளிச்சுவர். குளியல் பக்கம் பழைய ஜன்னல் நின்றது, கக்கூஸுக்குப் புதிதாக ஒன்று திறந்தோம். வாஷ்பேசினை வெளியே எடுத்து, முன்பு துணி அலசும் மூலையாக இருந்த நடையில் மாட்டினோம். அதற்கும் ஒரு மடக்குக் கதவு. ஆக மூன்று.

ஒரே ஒரு எச்சரிக்கை. கக்கூஸ் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். மற்ற எதை வேண்டுமானாலும் நகர்த்துங்கள். நாலு அங்குலக் குழாய் வெளியே இறங்கும் குழாயோடு சேர்வதற்குச் சரிவு வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டாலே தரைக்கடியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அதற்கே போய்விடும். அந்த ஆழம் பழைய கட்டடங்களில் கிடைக்காது. கிடைக்காதபோது மிஸ்திரி தரையை உயர்த்துவார், வாசலில் ஒரு படி முளைக்கும், அந்தப் படியில்தான் அடுத்த மாதம் பாட்டி தடுக்கி விழுவார்.

அடுத்தது, பால்கனி ஆசை. பின்பக்க கேலரியை அடைத்து இன்னொரு பாத்ரூம் போட்டுவிடலாம் என்று நம் தெருவில் இப்போதும் இரண்டு வீட்டில் பேச்சு ஓடுகிறது. தயவுசெய்து பொறுங்கள். நம் ஊர் மிஸ்திரிகள் பாத்ரூம் தரைக்குப் போடும் 'பிரிக்பேட் கோபா', அதாவது உடைந்த செங்கல்லும் சிமெண்ட் கலவையும், ஓரடி ஆழத்துக்கு நிரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்குக் குறையாது. வீட்டு பால்கனியில் ஆளும் சாமானுமாக ஏறக்கூடியது என்று ஐ.எஸ். 875 தரவிதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. இதற்கு மேல் சுவர், டைல்ஸ், தண்ணீர் நிறைந்த டிரம். சுவரிலிருந்து வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்லாப் அது. சாய்ந்தால் நம் வீடு மட்டுமா சாயும்? தேக்கு உத்தரமும் ஓடும் போட்ட அந்தக் காலத்துக் கட்டடம் என்றால் பேச்சே வேண்டாம், மரத்துக்கு மேலே ஈரத்தைக் குடிவைக்காதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்து வந்து காட்டுங்கள். அவர் கூலி, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஷவர் பேனலைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அனுமதியும் வேண்டும். நாம் 1817-இல் ஏற்பட்ட கன்டோன்மென்ட்டில் இருக்கிறோம். கோத்ரூடில் இருக்கும் மச்சான் மாநகராட்சியில் எப்படி வாங்கினார் என்பது நமக்கு உதவாது. நமக்குச் சட்டம் 2006-ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டம், அலுவலகம் கோலிபார் மைதானம். நம் குடியிருப்புகளை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு சில வருஷமாக ஓடுகிறது. அதை நம்பி இன்றைக்கு ஒரு செங்கலும் எடுத்து வைக்காதீர்கள். புதிதாகச் சுவர் எழுப்பி அறை சேர்ப்பதென்றால் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். இருக்கிற அறைக்குள்ளேயே மாற்றினாலும் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் எழுத்தில். "பரவாயில்லை, பண்ணிக்கோங்க" என்று மாடிப்படியில் நின்று சொன்னது நாளைக்கு எதற்கும் ஆகாது.

இப்போது தண்ணீர் கட்டிப் பார்க்கும் விஷயம். இரண்டாவது தடவை மிஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: கோபா போட்டு, வாட்டர்ப்ரூஃபிங் பூசிக் காய்ந்த பிறகு, தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைத் துணியால் அடைத்து மூன்று அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். இரண்டு நாள். அதுவரை டைல்ஸ் பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, இரண்டு நாள் வேலை போகிறதே என்று. நான் சுவரில் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பேன். கீழே ஆன்ட்டி அவர் கூரையைப் பார்ப்பார். அலமாரி மேல் அந்தப் பழைய குண்டானை மறுபடி எடுத்து வைத்திருந்தார், அவநம்பிக்கை! இரண்டாவது நாள் ராத்திரி கோடு நூல் அளவுதான் இறங்கியிருந்தது, அது ஆவியாய்ப் போனது. கீழே கூரை காய்ந்து கிடந்தது. மறுநாள் காலை குண்டானை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமேல் நீயே வைத்துக்கொள்" என்றார். இப்போது அதில்தான் துணிக்கு நீலம் கரைக்கிறேன்.

வெந்நீர். இதை யாரும் யோசிப்பதில்லை. கதவு மூன்றாகிவிட்டால் வரிசை கீஸரில் போய் நிற்கும். நம் புனேயின் டிசம்பர் காலை உங்களுக்குத் தெரியும், சில நாள் பத்து டிகிரிக்கும் கீழே. 15 லிட்டர் கீஸர், 2 கிலோவாட் சுருள் என்றால் குளிர்ந்த தண்ணீர் நன்றாகச் சுட இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதில் பச்சைத்தண்ணீர் கலந்தால் ஒன்றரை, ஒன்றேமுக்கால் பக்கெட் வரும். ஒரு ஆளுக்குத்தான் சரி. ஏழு பேர் வீட்டுக்கு 25 லிட்டர் வையுங்கள், ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் பத்து நிமிஷம் விட்டுப் போகும்படி பழக்கிக்கொள்ளுங்கள். பழைய மராட்டி வீடுகளில் 'பம்ப்' என்று ஒரு செம்புக் கொதிகலன் இருக்கும். நடுவில் கரி போட்டால் சுற்றிலும் தண்ணீர் கொதித்தபடியே இருக்கும், எடுத்த அளவு ஊற்றினால் போதும். கசபா பேட்டையில் தாம்பட் ஆளிப் பக்கம் போனால் இன்னும் செம்பு தட்டும் ஓசை கேட்கலாம். அழகுக்காக வாங்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். வேலை செய்ய வேண்டிய சாமானுக்கு அந்தக் கதி.

கேஸ் கீஸர் போடுவதென்றால் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும். மூடிய பாத்ரூமில் அது எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றம் கிடையாது, நிறம் கிடையாது. குளிக்கப் போனவர் எழுந்து வராத செய்தியை நாம் எல்லோரும் பேப்பரில் படித்திருக்கிறோம். மின்சார கீஸருக்கு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கனெக்‌ஷன் கொடுக்க விடாதீர்கள்.

மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். ஆனாலும் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், முடிந்தால் குளிக்கும் இடத்துக்கு மட்டும் ஷஹாபாத் கல். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல தரை கிடையாது. மணையில் உட்கார முடியாதவர்களுக்குச் சுவரை ஒட்டி ஒரு கடப்பா மேடை. கக்கூஸ் பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, அதை டைல்ஸில் ஒட்டாமல் செங்கல்லில் திருகுங்கள். சிறுசுகளுக்கு இரண்டடி உயரத்தில் ஒரு குழாய். ஆளுக்கொரு கொக்கி, ஏழு பேருக்கு ஏழு. சீயக்காய்ப் பொடி நஹானி ட்ராப்பை அடைக்கும், வாரம் ஒருமுறை அதன் சல்லடை மூடியைத் தூக்கிப் பார்க்கிற வேலை யாருடையது என்று முன்னாடியே முடிவு பண்ணுங்கள். எங்கள் வீட்டில் அது கொழுந்தனுடையது. அவர் செய்வதில்லை.

இருபது நாளில் முடித்துத் தருகிறேன் என்றார் மிஸ்திரி. 47 நாள் ஆயிற்று. அத்தனை நாளும் ஏழு பேரும் எங்கே குளித்தோம்? கீழே, பார்சி ஆன்ட்டி வீட்டில். கையில் துண்டு, பக்கெட், சோப்பு டப்பாவோடு மாடிப்படியில் வரிசையாக இறங்குவோம். அவர் சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, "நெக்ஸ்ட்!" என்பார். வேலை ஆரம்பிக்கும் முன்னால் இதற்கு ஒரு வீடு பார்த்து வையுங்கள். அந்த வீட்டுக்காரர்களோடு மூன்று மாதமாவது முன்கூட்டியே நல்ல உறவில் இருங்கள்.

அந்த வருஷத் தீபாவளி. நரக சதுர்த்தசி, நமக்கும் மராட்டிக்காரர்களுக்கும் ஒரே நாளில் எண்ணெய்க் குளியல். எதிர்வீட்டு மராட்டிக்காரர்கள் தங்கள் வழக்கப்படி கால் கட்டைவிரலால் காரீட் காயை நசுக்கும் சத்தம் கேட்டபோது மணி நாலரை. எங்கள் வீட்டில் மாமியார் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கக்கூஸில், ஒருவர் குளியலில், ஒருவர் பேசினில் பல் தேய்த்துக்கொண்டு. யாரும் எந்தக் கதவையும் தட்டவில்லை. ஆறு மணிக்கு ஏழு பேரும் புதுத்துணி கட்டியாகிவிட்டது, பலகாரத் தட்டோடு ஆன்ட்டி வீட்டுக்கு இறங்கிவிட்டோம்.

ஆகவே டைல்ஸ் கடைக்குப் போகும் முன்னால் ஒரு வாரம், காலண்டர் தாளில் எழுதிப் பாருங்கள். அளவு எடுக்க ஆசைப்பட்டால் எங்கள் வீட்டுக்கு வந்து டேப் பிடித்தே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த நேரமும் வரலாம். காலை ஆறிலிருந்து ஏழரை வரை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடியிலிருந்து உங்களில் ஒருத்தி